கால் அங்குலம் எங்கே போகிறது?

துணித் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கப் பழகும் ஒரு தங்கை மலேசியாவின் குளுவாங்கிலிருந்து கேட்டது, மார்ச் 2, 2025

"அக்கா, பறக்கும் வாத்துக் கட்டத்தை நான்கு முறை தைத்துப் பார்த்துவிட்டேன். அளந்துதான் வெட்டுகிறேன். ஆனாலும் 12 அங்குலம் வரவேண்டிய கட்டம் பதினொன்றே முக்கால்தான் வருகிறது. முக்கோணத்தின் மூக்கும் தையலுக்குள் மறைந்துவிடுகிறது. இது வெள்ளைக்காரர்களின் வேலை, நம் கைக்குப் படியாது என்கிறார் என் மாமியார். விட்டுவிடலாமா?"

மார்ச் 2, இரவு

விடாதீர்கள். மாமியாரிடம் பிறகு வருவோம். புதியவர்களுக்கு ஒரு வரி: துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரம்தான் கட்டம், பல கட்டங்கள் சேர்ந்தால் போர்வை; பறக்கும் வாத்து என்பது முக்கோணங்களால் ஆன ஒரு கட்டம். முதலில் அந்தக் கால் அங்குலத்தைத் தேடுவோம்.

அது மடிப்புக்குள் போகிறது. தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் தைத்த துணியை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடுகிறது. நூலின் பருமனும் சேர்கிறது. ஒவ்வொரு துண்டிலும் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்வதால் 16இல் ஒரு பங்கு. வரிசையில் நான்கு தையல் இருந்தால் மொத்தம் கால் அங்குலம். உங்கள் பதினொன்றே முக்கால் இப்படித்தான் வந்திருக்கும். வெட்டியதில் தவறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது ஓர் இழையின் பருமன், குறைவாகத் தையுங்கள். அந்த ஒரு நூல் எவ்வளவு என்பதை உங்கள் மெஷின்தான் சொல்லும். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலைத் துணியின் ஓரத்துக்கு இன்னும் நெருக்குங்கள். அளவு பிடிபட்டதும் மெஷின் தட்டில் அந்த இடத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும்.

மூக்கு மறைவதற்குக் காரணம் வேறு. வாத்து முக்கோணத்தின் உச்சிக்கு மேலே கால் அங்குலத் துணி மிச்சம் இருந்தே ஆக வேண்டும். அடுத்த துண்டோடு சேர்க்கும்போது அதைத் தையல் எடுத்துக்கொள்ளும். உச்சியும் விளிம்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மூக்கு போனது போனதுதான். தைக்கும்போது வாத்துத் துண்டை மேலே வையுங்கள். பின்பக்கத்தில் இரண்டு தையல்கள் குறுக்கே வெட்டும் இடம் ஒரு பெருக்கல் குறி போலத் தெரியும். அந்தக் குறியை ஒட்டி, விளிம்புப் பக்கமாக ஒரு நூல் தள்ளி ஊசி போகட்டும்.

மார்ச் 3, காலை

இஸ்திரி பற்றி எழுத மறந்துவிட்டேன். பெட்டியைத் தூக்கி வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். பள்ளிச் சீருடையைத் தேய்ப்பது போல முன்னும் பின்னும் தள்ளினால் முக்கோணம் இழுபட்டு வாழைப்பழமாகிவிடும்.

மார்ச் 5

நான் இப்போது எந்தக் கட்டத்தைத் தைக்கிறேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கரடிப் பாதம். 14 அங்குலக் கட்டம். ஒரு வரிசைக்கு 7 சிறு கட்டம் என்று கணக்கு. ஒவ்வொன்றும் 2 அங்குலம். நான்கு மூலைகளிலும் நான்கு பாதங்கள், நடுவில் சிலுவையாகப் பட்டை. ஒரு பாதத்துக்கு நான்கு நகங்கள். நகம் என்பது பாதி வெளிர், பாதி அடர் நிறமாக இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம். ஆக ஒரு கட்டத்துக்கு 16 நகங்கள். என் அண்ணன் மகள் இதைப் பார்த்துவிட்டு "இது செம்பனைக் காட்டு மரநாய் பாதம்" என்றாள். செம்பனை என்றால் எண்ணெய்ப்பனை. அவள் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மரநாய்க் கட்டம் என்றே பெயர்.

நகங்களை வேகமாகத் தைக்க ஒரு வழி இருக்கிறது. 4 அங்குலச் சதுரங்கள் இரண்டை எடுத்து, நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, நான்கு ஓரங்களிலும் சுற்றித் தைத்துவிடுங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கோடாக வெட்டினால் நான்கு நகங்கள் கையில் வந்துவிடும். கோடு போடும் வேலையே இல்லை. நேற்று அரை மணி நேரத்தில் 16 நகங்கள் முடித்தேன்.

புதுத் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், சாயம் நிற்கும்.

மார்ச் 9

5ஆம் தேதி சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். சுற்றித் தைத்து வெட்டும் வழி வேண்டாம். யாராவது அதைப் பார்த்து ஏற்கெனவே வெட்டியிருந்தால் என்னை மன்னியுங்கள்.

நடந்தது இது. 16 நகங்களையும் அன்றே அளந்தேன், எல்லாம் சரியாக இருந்தன. வரிசையாகச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டதும் ஓரங்கள் அலையலையாக எழுந்துவிட்டன. இரவெல்லாம் யோசித்தேன். துணியில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடும் இழுத்தால் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர் போல நீளும். சுற்றித் தைத்துக் குறுக்கே வெட்டும்போது அந்த நீளும் திசைதான் சதுரத்தின் வெளி ஓரமாக அமைகிறது. அடுத்த தையலுக்கு அந்த ஓரத்தைத்தான் மெஷினில் இழுக்கிறோம். அது எப்படி நிற்கும்?

சரியான வழி இது. 6 அங்குலச் சதுரங்கள் இரண்டு, நல்ல பக்கங்கள் உள்ளே. மேல் துணியில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் வரையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள், நான்கு தையல்கள் வரும். பிறகு நடுவில் நேராகவும் கிடையாகவும் வெட்டி, அதன்பின் வரைந்த கோடுகளில் வெட்டினால் 8 நகங்கள். ஒவ்வொன்றையும் ஓரம் வெட்டி இரண்டரை அங்குலத்துக்குச் சீர்செய்யுங்கள், அடுத்த தையல்கள் எடுத்துக்கொண்டபின் 2 அங்குலம் நிற்கும். ஓரமெல்லாம் நேர் இழையில் இருக்கும். கணக்குப்படி ஐந்தே முக்கால் அங்குலச் சதுரம் போதும். நான் 6 என்று சொல்வது சீர்செய்ய இடம் வேண்டும் என்பதற்காக.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2ஆம் தேதி நான் ஒரு நூல் குறைத்துத் தைப்பதைப் பற்றியே பேசினேன். இப்போது பெரிதாகத் தைத்துச் சீர்செய்யச் சொல்கிறேன். இரண்டும் வேண்டும். முக்கோணம் வரும் இடத்தில் சீர்செய்யாமல் தப்ப முடியாது. சதுரமும் பட்டையும் மட்டும் உள்ள கட்டத்துக்கு டேப் போதும்.

மார்ச் 10

பத்துகாஜாவிலிருந்து ஒருவர்: "அலையலையாக எழுந்த துணிக்குக் கஞ்சி போட்டுப் பார்த்தீர்களா?"

போட்டேன். மிக நல்ல யோசனை. வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்து, வெட்டுவதற்கு முன்பே துணியை முக்கி நிழலில் உலர்த்தி இஸ்திரி போட்டேன். பழைய சேலைத் துணி காகிதம் போல நின்றது. தோட்டத்துக் கிராணிமார்களின் (குமாஸ்தாக்களின்) வெள்ளைச் சட்டைக்கு எங்கள் பெரியம்மா இப்படித்தான் கஞ்சி போடுவார். ஆனால் வேலை முடிந்ததும் துவைத்துவிடுங்கள். கஞ்சித் துணியை அலமாரியில் வைத்தால் இராமபாணப் பூச்சி வந்து தின்னும். எங்கள் ஊர் ஈரக் காற்றுக்குப் பூசணமும் பிடிக்கும்.

மார்ச் 14

இன்று மாமியாரின் பேச்சுக்கு வருகிறேன். இரண்டு வாரமாக அது மனத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, வயல் வேலைக்கு உடுத்திக் கிழிந்த துணிகளிலிருந்து போர்வை தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றின் படத்தோடு தபால்தலைகளே வெளியிட்டது. முழங்காலில் வெளுத்துப்போன கால்சட்டைத் துணி அவற்றில் அப்படியே தெரியும். வெள்ளைக்காரர்களின் வேலை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அந்த வெளுத்த முழங்கால் எனக்குத் தெரிந்த முழங்கால்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரு போர்வை இருந்தது. அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, தைத்தது. காலை நான்கு மணிக்கு எழுந்து, பிரட்டுக்கு (ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய், மரத்தில் கீறிய கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து மூட்டையில் சேர்த்து, ரப்பர் பால் வெட்டி, வாளி தூக்கிக் கொட்டகையில் கொடுத்துவிட்டு வருவார். இரவில் ஒட்டுத்துணி. கோதுமை மாவு மூட்டைத் துணி, தாத்தாவின் சட்டை முதுகு, கைலியின் நல்ல பக்கம், பிள்ளைகள் தூங்கிக் கிழிந்த தொட்டில் சேலை. மரத்தில் மிஞ்சியதையும் உடுப்பில் மிஞ்சியதையும் ஒட்டு என்ற ஒரே சொல்லால் அழைத்தவர்கள் நாங்கள். இந்த வேலை நம் கைக்குப் படியாது என்று எப்படிச் சொல்வேன்?

அந்தப் போர்வை இப்போது என் மடியில் இருக்கிறது. அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அதில் ஒரு சட்டைத் துண்டில் பால்கறை இருக்கிறது, கறுத்துத் தடித்து. உறைந்த ரப்பர் பாலைத் துணியிலிருந்து எந்தச் சோப்பும் எடுக்காது. அந்த இடத்தில் அப்பாயி ஊசியை ஏற்றவில்லை, கறையைச் சுற்றித் தைத்திருக்கிறார். அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை இப்போது. எல்லாம் செம்பனை.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 22

ஒரு தவறு நடந்துவிட்டது, அதற்கு என் மார்ச் 5 குறிப்பும் காரணம்.

நோன்புப் பெருநாள் மலிவு விற்பனையில் அடர் சிவப்புப் பருத்தித் துணி மூன்று மீட்டர் வாங்கினேன். மீட்டர் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. முதல் கரடிப் பாதத்தை அதில் தைத்து, கஞ்சியைப் போக்க நனைத்தேன். வெள்ளை நகங்கள் அத்தனையும் ரோஸ் நிறமாகிவிட்டன. நான்கு நாள் வேலை. வாளியின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஈப்போவில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பாவைக் கேட்டேன். அவர் சொன்னது: சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு, சாயம் துணிக்குள் போக அது உதவும். ஏற்றி முடித்து ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பால் பிடித்து நிறுத்த முடியாது. காடியும் அப்படித்தான், பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் சாயத்துக்கு அதில் பயன் உண்டு, பருத்திக்கு இல்லை. ஒட்டாத சாயத்தை வெளியேற்றுவது ஒன்றே வழி.

அதனால் உப்புத் தண்ணீரை மறந்துவிடுங்கள். அடர் சிவப்பு, கருநீலம், பாத்திக் துணி எதுவானாலும் தனியாக, நல்ல சூடான தண்ணீரில், வாளி நிறைய, சலவை சோப்போடு ஊறவையுங்கள். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி. ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கூடவே போட்டுப் பாருங்கள், அது வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் வெட்டலாம்.

மார்ச் 23

சாயம் ஏறிய கட்டத்தையும் அதே முறையில் ஊறவைத்தேன். நிறைய சூடான தண்ணீர், சோப்பு, துணி மிதக்காமல் மேலே ஒரு தட்டு, இரவு முழுவதும். காலையில் தண்ணீர் ரோஸ், நகங்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. மறுபடி வைத்திருக்கிறேன். உலரவிடாதீர்கள். உலர்ந்து இஸ்திரியும் பட்டுவிட்டால் கறையை எடுப்பது மிகவும் கடினம்.

மார்ச் 25

நான்காவது வாளி. நகங்கள் வெள்ளை! சிவப்பும் நன்றாகவே இருக்கிறது.

மார்ச் 30

பெருநாளுக்கு முன் தையற்கடைகளில் துணி வெட்டு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தையல்காரர். பாஜு கூரோங் என்ற மலாய் உடை தைத்த மிச்சத்தை ஒரு பை நிறையக் கொடுத்தார். அவர்கள் மொழியில் இதற்குக் காயின் பெர்ச்சா என்று பெயர். பாதி சாட்டின், வழுக்கும். பருத்தியோடு கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. துவைத்ததும் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. பருத்தியை மட்டும் பிரித்தெடுத்தேன்.

அதில் வளைவுக் கட்டம் பழகுகிறேன். குடிகாரன் பாதை என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணி போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும் ஆட்களைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, வளைவுக் கட்டம் என்றே சொல்கிறேன். கால் வட்டத் துண்டு ஒன்று, அதைத் தாங்கும் குழிவுத் துண்டு ஒன்று. மைலோ டின் மூடியை வைத்து இரண்டையும் வரைந்தேன். இரண்டும் சேரவே இல்லை. வட்டத் துண்டுக்குத் தையல் துணி வெளிப்பக்கம் சேர வேண்டும், குழிவுத் துண்டுக்கு உள்பக்கம். 3 அங்குல ஆரத்தில் வளைவு வேண்டுமானால் வட்டத் துண்டின் வளைவை மூன்றே கால் ஆரத்திலும், குழிவை இரண்டே முக்கால் ஆரத்திலும் வெட்ட வேண்டும். ஒரே மூடி இரண்டுக்கும் ஆகாது.

தைக்கும்போது குழிவுத் துண்டு மேலே. இரண்டையும் நடுவில் மடித்துக் கோடு விழச் செய்து, அந்தக் கோடுகளைச் சேர்த்து ஒரு குண்டூசி, இரு முனையிலும் ஒவ்வொன்று. பிறகு மெதுவாக, விரலால் மேல் துணியைத் திருப்பிக்கொண்டே. ஆறாவது கட்டத்தில் கை பழகிவிட்டது.

ஏப்ரல் 6

ஒரு தம்பி "சித்தி இனப் பெண்களின் கவந்திப் போர்வையைப் பாருங்கள் அக்கா" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அந்தப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையில் கட்டமே கிடையாது. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்து ஓடு தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருகிறார்கள். ஒரு சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று, கடைசியில் நடு. நான்கு மூலைகளிலும் மடித்த துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்கிறார்கள்.

உடனே அப்பாயியின் போர்வையை விளக்கின் கீழ் விரித்தேன். இத்தனை ஆண்டு நான் துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறேன், தையலைப் பார்க்கவில்லை. நூல் மூலையிலிருந்து கிளம்பி ஓரமாகவே சுற்றி உள்ளே போகிறது. அப்பாயி சேலத்துப் பக்கத்திலிருந்து சிறுமியாகக் கப்பலேறியவர், கன்னட நாட்டைக் கண்டதில்லை. யாரிடமிருந்தும் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஏன் அப்படித் தைத்தார் என்று அம்மாவைக் கேட்டேன். "சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தைப்பார். திருப்பித் திருப்பித்தானே தைக்க முடியும்?" என்றார். மேசை இல்லாத வீட்டில் போர்வைதான் சுற்ற வேண்டும்.

நடுத்துண்டு சிவப்பு. என்னுடைய தொட்டில் சேலை என்கிறார் அம்மா. இல்லை, தன்னுடையது என்கிறார் என் சித்தி. இருவரும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அளவெடுத்தும் பார்த்தேன். ஒரு துண்டுகூட இன்னொன்றின் அளவில் இல்லை. ஆனால் போர்வை தரையில் தட்டையாகப் படுக்கிறது, ஓர் அலை இல்லை. தைத்து முடித்த பகுதியில் என்ன இடம் மிஞ்சுகிறதோ அதற்கு ஏற்ப அடுத்த துண்டை மடித்திருக்கிறார். மார்ச் 2ஆம் தேதி கால் அங்குலத்தைக் கணக்கில் தேடினேன். அப்பாயி அதை அடுத்த துண்டின் மடிப்பில் சரிக்கட்டியிருக்கிறார்.

கரடிப் பாதத்தில் இது செல்லாது, அங்கே நகத்துக்கு நகம் சேர்ந்தாக வேண்டும். ஆனாலும் ஒன்று மாற்றிக்கொண்டேன். நடுப்பட்டைகளை முன்கூட்டியே வெட்டி வைப்பதில்லை. நான்கு பாதங்களையும் தைத்து, அளந்து, அவை காட்டும் நீளத்துக்கு அன்றே பட்டையை வெட்டுகிறேன்.

ஏப்ரல் 8

போர்வையின் நடு அடுக்காக வைக்கும் பஞ்சு விரிப்பு பற்றி மூன்று கேள்விகள். பாலியெஸ்டர் விரிப்பு நம் ஊர் வெக்கைக்கு ஆகாது, வியர்த்துக் கொட்டும். மெல்லிய பருத்தி விரிப்பு நல்லது. நான் நடுவில் பழைய சேலையை இரண்டு மடிப்பாக வைக்கிறேன். விசிறிக்கு அடியில் போர்த்த அது போதும்.

ஏப்ரல் 11

போர்வையில் பெயர் தைப்பதா வேண்டாமா என்ற பேச்சு ஓடுகிறது. தையுங்கள் என்பேன்.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபின் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள், ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத்தில் பூத்தையல் போட்டார்கள். 66 சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை, இப்படி மூன்று. ஆண்கள் வேறு பகுதியில் அடைபட்டிருந்தார்கள். சதுரத்தில் இருந்த பெயரைப் பார்த்து மனைவி உயிரோடு இருப்பதை அறிந்துகொள்ளலாம். அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

அப்பாயிக்கு எழுதத் தெரியாது. பிரட்டில் கைநாட்டு. அவர் போர்வையில் பெயர் இல்லை, அதில் நானும் ஏதும் சேர்க்கப்போவதில்லை. ஆனால் மரநாய்க் கட்டப் போர்வையின் பின்பக்கத்தில் சிவப்பு நூலில் அவர் பெயர், அம்மா பெயர், என் பெயர், அண்ணன் மகள் பெயர் எல்லாம் வரும். போர்வை அவளுக்குத்தான்.

ஏப்ரல் 15

குளுவாங் தங்கை எழுதியிருக்கிறார்: "டேப் ஒட்டினேன் அக்கா. மூக்கு தெரிகிறது. ஆனால் கட்டம் இப்போது பன்னிரண்டே அரைக்கால் அங்குலம் வருகிறது. ஓரத்தை வெட்டிவிடவா?"

வெட்டாதீர்கள். வெட்டினால் மூக்குக்கு மேலே விட்ட கால் அங்குலம் குறைந்து பழைய கதையாகிவிடும். தைத்த கட்டத்தில் நான்கு ஓரத்திலும் கால் கால் அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஆகப் பன்னிரண்டரை வர வேண்டும்; மற்றக் கட்டங்களோடு சேர்ந்தபின்தான் அது 12 ஆகும். எனக்கும் இன்றுதான் உறைக்கிறது, முதலில் பதினொன்றே முக்கால் என்றீர்களே, அது சேர்ப்பதற்கு முன்பா பின்பா என்று நான் கேட்கவே இல்லை. முன்பு என்றால் உங்களுக்கு முக்கால் அங்குலம் போயிருந்தது, கால் அங்குலம் அல்ல. மடிப்பு மட்டும் அவ்வளவு தின்னாது. இப்போதும் அரைக்கால் மூன்று குறைகிறது. உங்கள் அளவுகோலின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரக்கோல் என்றால் முனையை விட்டுவிட்டு 1 என்ற கோட்டிலிருந்து அளந்து சொல்லுங்கள்.